மணம் தேடி வருகிறவர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷம் பேசுப்பா. பதினாறாவது நிமிஷம் சாப்பாட்டு மணி அடிச்சிடும். அப்புறம் நீ மைக்கோடதான் பேசணும்" என்று செயலாளர் அண்ணன் எச்சரித்துத்தான் மேடை ஏற்றியிருக்கிறார். நான் கெமிக்கல் இன்ஜினியர். பம்ப், வால்வு, கொதிகலன் என்று பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று வாசனையைப் பற்றிப் பேசப் போகிறேன். காலையில் பழைய கெமிஸ்ட்ரி லேபைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் அந்த அமோனியா வாசனை மூக்கில் ஏறியது. அடுத்த கணம் எனக்கு வயது பதினெட்டு! ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காமல் வெளியே நின்ற நாள் அப்படியே கண் முன் வந்துவிட்டது. எந்தப் போட்டோவும் இந்த வேலையைச் செய்யாது. ஆகவே வாசனை என்பது சின்ன விஷயம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு மேலே கேளுங்கள்.

சென்ட் தயாரிக்கிறவர்களைப் பெர்ஃப்யூமர் என்கிறோம். இவர்களில் சிலர் ஒரு புது வாசனை உருவாக்குவதற்காகவே விமானம் ஏறி வேறு நாடுகளுக்குப் போகிறார்கள். அங்கே செடியை முகர்வார்கள், சந்தையில் அலைவார்கள், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். "கம்பெனிக் காசுல ஊர் சுத்துறதுக்கு நல்ல வழி" என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த நினைப்பு மாறிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஜான் கிளோத் எலினா என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1947-ல் பிறந்தவர். வாசனைத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் என்ற ஊர்க்காரர். இளம் வயதிலேயே, படிப்பைத் தொடராமல், பூவிலிருந்து தைலம் எடுக்கும் ஃபாக்டரியில் தொழிலாளியாகச் சேர்ந்தவர். 2004-ல் ஹெர்மெஸ் நிறுவனத்தின் சொந்தப் பெர்ஃப்யூமர் ஆனார். "நைல் நதியில் ஒரு தோட்டம்" என்ற கருத்தில் ஒரு வாசனை வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. கருத்து மட்டும்தான் இருந்தது, வாசனை இல்லை. அதைத் தேடி அவர் எகிப்தில் அஸ்வான் போனார்.

எகிப்து என்றதும் என்ன நினைவுக்கு வரும்? தாமரை, மல்லிகை, சாம்பிராணி. யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே இந்தப் பட்டியலை எழுதிவிடலாம். ஆனால் அஸ்வானில் அவரை நிறுத்தியது எது தெரியுமா? மரத்தில் தொங்கிக் கொண்டிருந்த பச்சை மாங்காய்! காம்பைக் கிள்ளினால் பால் வடியுமே, அந்த வாசனை. புளிப்பும், பச்சை இலையும், கொஞ்சம் பிசினும் கலந்த வாசனை. நாம் சட்டையில் கறை பட்டுவிடும் என்று கையைத் தள்ளி வைத்துக்கொள்வோம். அந்த மனிதர் அங்கேயே நின்றுவிட்டார். 2005-ல் வெளிவந்த அந்த சென்ட்டின் உயிரே அந்த மாங்காய்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமரம் எகிப்தின் சொந்த மரமே அல்ல. நம் தெற்காசியாவிலிருந்து போன மரம். நம்ம ஊர் மரத்தின் வாசனையை ஒரு பிரெஞ்சுக்காரர் நைல் நதியில் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நம் வீட்டுக் கொல்லையில் அது எத்தனை தலைமுறையாக மணந்து கொண்டிருக்கிறது! நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றோமே தவிர, முகர்ந்து பார்த்தோமா?

அடுத்து 2008-ல் இதே வரிசையில் இன்னொன்று செய்தார். இந்த முறை அவர் வந்தது பக்கத்திலே, கேரளத்துக்கு. "பருவமழைக்குப் பின் ஒரு தோட்டம்" என்பது அதன் பெயர். இஞ்சி, ஏலம், கொத்தமல்லி, மிளகு, வெட்டிவேர். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியும் பானைத் தண்ணீரும் சேர்ந்த மாதிரி இல்லை? அந்த வெட்டிவேரைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? வெட்டிவேர் என்றுதான்! உலகத்து சென்ட் கடைகளில் எல்லாம் ஒரு தமிழ்ச் சொல் தினமும் புழங்குகிறது. ஆனால் இன்று வெட்டிவேர் எண்ணெய்க்கு உலகம் பெரிதும் நம்பியிருப்பது ஹைட்டி என்ற நாட்டை. சொல் நம்முடையது, வியாபாரம் அவர்களுடையது.

சரி, தம்பிமார்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். "மாங்காயிலிருந்து எண்ணெய் எடுத்துக் கலந்தாரா சார்?" இல்லை. மாங்காயைப் பிழிந்தெடுத்த சாறு எதையும் கலக்கவில்லை. தன் மேசையில் உள்ள வேறு வேறு பொருள்களைச் சேர்த்து, மாங்காய் இருப்பது போன்ற ஒரு தோற்றத்தை மூக்குக்கு உண்டாக்கினார். இவர் செய்து காட்டும் ஒரு வித்தை பிரபலம். ஐசோபியூட்டைல் ஃபீனைல் அசிட்டேட் என்ற பொருளில் ஒரு காகிதக் கீற்றை நனைப்பார். வனிலாவின் வனிலினில் இன்னொரு கீற்றை நனைப்பார். இரண்டையும் சேர்த்து மூக்கின் முன்னால் விசிறினால் சாக்லேட்! உண்மையான சாக்லேட்டின் மணத்தில் நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டு. மூக்குக்கு இரண்டு போதும். எந்த இரண்டு என்பதுதான் கேள்வி. அதைத் தேர்ந்தெடுக்க, முதலில் அசல் பொருளை அதன் மண்ணில், அதன் வெயிலில் முகர்ந்து மனதில் வாங்கியிருக்க வேண்டும். அவர் ஊர் ஊராகப் போனது அதற்குத்தான்.

இப்போது இன்ஜினியருக்கு வருவோம். மூக்கை நம்பாதவர்கள் நாம். மெஷின் என்ன சொல்கிறது என்றுதான் கேட்போம். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஹெட்ஸ்பேஸ் முறை என்று பெயர். பூவைப் பறிக்க வேண்டியதில்லை. செடியில் இருக்கும் பூவின் மேல் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கவிழ்க்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றைச் சின்ன பம்ப் ஒன்று மணிக்கணக்காக மெதுவாக உறிஞ்சும். காற்று ஒரு சிறு குழாய் வழியாகப் போகும். அதில் உள்ள உறிஞ்சுபொருள் வாசனை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிடைப்பது மைக்ரோகிராம் கணக்கில்தான். அதைக் கேஸ் குரோமட்டோகிராஃபில் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அடையாளம் கண்டுபிடித்தால், அந்தப் பூ காற்றில் என்ன எழுதுகிறது என்ற பட்டியல் கையில் வந்துவிடும்.

இந்த முறையில் பெரிய பெயர் எடுத்தவர் ஜிவோடான் நிறுவனத்தின் சுவிஸ் விஞ்ஞானி ரோமன் கைசர். ஆர்க்கிட் பூக்களின் வாசனையைப் பற்றி 1993-ல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். 90-களில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா காட்டுக்குப் போனார். மழைக்காட்டில் பூ எல்லாம் உச்சாணிக் கொம்பில் அல்லவா இருக்கும்? ஃபிரான்சிஸ் அலே என்ற தாவரவியலாளரும் குழுவினரும் அதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். ஆகாயக் கப்பலில் கட்டித் தூக்கிக்கொண்டு போய், ஒரு பெரிய தெப்பத்தை மர உச்சிகளின் மேல் இறக்கி வைப்பது! தண்ணீரில் மிதக்கும் தெப்பம் தெரியும். காட்டின் தலைமேல் தெப்பம் கேள்விப்பட்டதுண்டா? சிவில், மெக்கானிக்கல் தம்பிகள் கவனிக்க வேண்டும். பூ வாசனைக்கும் உங்கள் தேவை உண்டு.

இன்னும் மேலே போனவர் ஒரு வங்காளி. பிரஜா முகர்ஜி. அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப். நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். 1998 அக்டோபரில் டிஸ்கவரி விண்கலத்தில் ஒரு சின்ன ரோஜாச் செடியை அனுப்பினார். 77 வயது ஜான் க்ளென் பறந்தாரே, அதே பயணம். எடையற்ற நிலையில் பூ என்ன வாசனை விடும் என்பது கேள்வி. பூமியில் இருந்ததைவிட அந்தப் பூவின் வாசனை மாறித்தான் போயிருந்தது. அதை வைத்து ஒரு சென்ட்டும் பிற்பாடு வந்தது. வாசனை தேடி வெளிநாடு போனவர்கள் பலர் உண்டு. பூமியை விட்டே போனது அந்த ரோஜா.

ஆனால் மெஷினிடம் ஒரு குறை உண்டு. எது அதிகம் இருக்கிறதோ அதைப் பெரிதாகக் காட்டும். மூக்கு அப்படி இல்லை. ரோஜா எண்ணெயில் டமாஸ்கினோன் என்று ஒரு பொருள். ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. கிராஃபில் ஒரு சின்ன முள் மாதிரி தெரியும். "இதை விட்டுடலாம் சார்" என்று நாம் சொல்லிவிடுவோம். அதை விட்டால் ரோஜா இல்லை! சின்ன முள்ளைச் சின்னது என்று தள்ளக் கூடாது என்பதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பட்டுக் கற்றுக்கொண்டேன்.

இங்கிருந்து படித்து முடித்துப் போன நான் முதலில் வேலை பார்த்தது சத்தியமங்கலம் பக்கத்தில் பூவிலிருந்து தைலம் எடுக்கும் ஒரு ஆலையில். நம் மல்லிகையிலிருந்து எடுத்த தைலம் உலகத்தின் பெயர்பெற்ற சென்ட்டுகளுக்குள் போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாரிஸில் ஒரு அம்மாள் மணிக்கட்டில் தடவிக்கொள்வதில் கொங்கு நாட்டு மல்லியும் இருக்கக்கூடும் என்று அங்கே வேலைக்குப் போகும்வரை எனக்கே தெரியாது.

வேலை இதுதான். காலையில் அரும்பு வரும். தரையில் பரப்பி வைப்போம். அந்தி சாய்ந்து அரும்பு வெடித்துப் பூவாகும். ராத்திரியில் அதைத் துளையிட்ட தட்டுகளில் அடுக்கி ஹெக்ஸேனில் ஊற வைப்போம். ஹெக்ஸேனை வாங்கி ஆவியாக்கிவிட்டால் மெழுகு மாதிரி ஒன்று நிற்கும். அதற்குக் கான்கிரீட் என்று பெயர். சிவில்காரர்கள் சிரிக்க வேண்டாம்! அதைச் சாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டினால் அப்சல்யூட். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிலோ கான்கிரீட். அப்சல்யூட் அதிலும் ஏறக்குறைய பாதிதான்.

வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம் எனக்கு ஒரு ஞானோதயம். காலையில் வந்த பூ ராத்திரிவரை சும்மா கிடக்கிறதே, எக்ஸ்ட்ராக்டரும் சும்மா நிற்கிறதே! மாலை நாலு மணிக்கே போட்டால் ஒரு நாளைக்கு ஒரு ஷிஃப்ட் கூடுதலாக ஓட்டலாமே! கணக்குப் போட்டு மேனேஜரிடம் காட்டினேன். அவரும் ஒரு பேட்ச் முயன்று பார்க்கச் சொன்னார். தட்டில் அரும்பை அள்ளிக் கொட்டச் சொன்னபோது, அங்கே பூ வாரும் ஒரு வயதான அம்மா தயங்கி நின்றார்.

"ஏனுங்க தம்பி, மொக்கு இன்னும் வாயே தொறக்கலீங்களே?"

"பரவாயில்லைங்கம்மா, போடுங்க. எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

எடை போட்டோம். கான்கிரீட் வழக்கமான அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எனக்கு ஒரே பெருமை. மாதிரி வெளிநாட்டுக்குப் போனது. திரும்பி வந்த பதில் ஒரே வரி. இது மல்லிகை இல்லை! அந்தப் பேட்ச் முழுவதும் வீண். மெழுகு அரும்பிலும் இருக்கும். மணம் பூ திறக்கும்போதுதான் பிறக்கிறது. அரும்புக்குள் சர்க்கரையோடு பிணைந்து வாசனை இல்லாமல் கிடப்பதைப் பூ அந்த நேரத்தில்தான் அவிழ்த்துவிடுகிறது. எடை பார்த்த நான் மணம் பார்க்கவில்லை. நஷ்டத்தைக்கூட மன்னித்தார்கள். ஆனால் அந்த அம்மா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை பாருங்கள், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சில மாதம் கழித்து ஒரு பிரெஞ்சுப் பெர்ஃப்யூமர் ஆலைக்கு வந்தார். கான்ஃபரன்ஸ் ரூமில் ஏ.சி. போட்டு, முந்திரிப்பருப்பு வைத்து, சிலைடு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். மனிதர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். பூ பரப்பிய தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு ஒரு கைப்பிடி முகர்ந்தார். ஆறு மணிக்கு ஒன்று. ஏழுக்கு, எட்டுக்கு, ஒன்பதுக்கு. ஒவ்வொரு தடவையும் நோட்டில் இரண்டு வரி. பிறகு அந்த அம்மாவைக் காட்டி, "எந்த நேரத்துப் பூ நல்ல பூ என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா கூச்சத்தோடு சொன்னார்:

"பாதி வெடிச்சு பாதி வெடிக்காம இருக்குமுங்க, அப்ப ஒரு வாசம் வரும். முழுசா விரிஞ்சிட்டா அது போயிருமுங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அத்தனை தூரம் கடல் கடந்து வந்து அவர் கேட்ட கேள்வியை, இருபதடி தூரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பயணங்களின் மேல் மரியாதை வந்தது.

ஆனால் மரியாதையோடு பேச்சை முடித்துவிட்டால் பாதிதான் சொன்னவன் ஆவேன். அந்த நோட்டுப் புத்தகம் ஊர் போய்ச் சேர்ந்து சென்ட் ஆகிறது. அழகான பாட்டில், அழகான பெட்டி, அதில் நம் பூவின் பெயர். அந்த அம்மாவுக்கு என்ன?

கேட்க வேண்டிய கேள்விதான். எகிப்தின் நைல் டெல்டாவில் மல்லிகைத் தோட்டங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் நள்ளிரவில் பூப்பறிக்கும் காட்சியை 2024-ல் பிபிசி வெளிக்கொண்டு வந்தது. குடும்பமே விடிய விடியப் பறித்தும் கிடைப்பது அற்பக் கூலி. அந்தப் பூ போனது உலகப் புகழ் பெற்ற பிராண்டுகளுக்குப் பொருள் கொடுக்கும் ஆலைகளுக்கு. நைல் நதியின் ஒரு முனையில் மாங்காய் வாசனையில் ஒருவர் மனம் மகிழ்ந்தார்; மறுமுனையில் குழந்தைகள் தூக்கம் இல்லாமல் நின்றார்கள். இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள்.

மரமும் இப்படித்தான். அமேசான் காட்டின் ரோஸ்வுட் மரத்தில் லினலூல் என்ற அருமையான வாசனைப் பொருள் உண்டு. அதற்காக வெட்டி வெட்டியே மரம் அருகிப் போனது. 2010-ல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. இதே லினலூலை ஆலையில் செயற்கையாகச் செய்ய முடிந்தது மிச்சம் மீதி மரம் தப்ப உதவியது. "செயற்கை என்றால் கெட்டது, இயற்கை என்றால் நல்லது" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மரத்தைக் காப்பாற்றியதில் கெமிக்கல் இன்ஜினியருக்கும் பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1992-ல் ரியோவில் உயிரினப் பன்மை உடன்படிக்கை வந்தது. 2002-ல் நம் நாடு தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டவர் நம் உயிரின வளத்தை ஆய்வுக்கு எடுத்துப் போக அதன் முன் அனுமதி வேண்டும். பலனில் பங்கு தர வேண்டும் என்பதற்கு 2014-ல் நகோயா நெறிமுறையும் நடைமுறைக்கு வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒருவர் செடியை எடுக்கவில்லை, விதையை எடுக்கவில்லை, மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டு போனால்? மூச்சுக்கு எந்தச் செக்போஸ்ட்டில் வரி போடுவது? பாட்டிலுக்குள் இருக்கும் வாசனை யாருக்குச் சொந்தம் என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 2006 ஜூன் மாதம் பிரான்சின் உச்ச நீதிமன்றம், வாசனைக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. அதே மாதம் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், கிடைக்கலாம் என்றது!

ஆகவே சட்டம் வரட்டும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. வருகிறவர்களைக் கதவைச் சாத்தி விரட்டுவதும் சரி இல்லை. அவர்கள் நம்மிடம் திருடிக்கொண்டு போனதைவிட, நாம் கவனிக்காமல் விட்டது அதிகம். நம் பொருளின் அருமையும் அதைப் பறிக்கிறவரின் அறிவும் நமக்கே தெரிந்தால்தான் நியாயமான விலையைக் கேட்க முடியும். என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியாதவன் என்ன பேரம் பேச முடியும்?

எனவே இரண்டு வேண்டுகோள்களை வைத்துவிட்டு உட்காருகிறேன். ஒன்று, மாணவத் தம்பி, தங்கைகளுக்கு. நீங்கள் வெளிநாடு போவீர்கள், போக வேண்டும். போகும் முன்னால் ஒரு வருஷம் உங்கள் ஊரை முகர்ந்து பாருங்கள். தாழம்பூ, மரிக்கொழுந்து, மகிழம்பூ, முதல் மழை விழுந்த மண். எந்த மாதம், எந்த நேரம், என்ன வாசம் என்று எழுதுங்கள். உங்கள் ஆத்தாவிடம், பாட்டியிடம், பூக்காரம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, வசதியாக இருக்கும் அண்ணன், அக்காமார்களுக்கு. நம் லேபில் ஹெட்ஸ்பேஸ் முறைக்குத் தேவையான பம்ப்பும் குழாயும் அத்தனை பெரிய செலவு இல்லை. பெரிய செலவு கேஸ் குரோமட்டோகிராஃப்தான். நம் சங்கம் மனது வைத்தால் அதுவும் நடக்கும். என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தைப் பொருளாளரிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன். மேடையில் சொல்லக் கூடாது என்றார். சொன்னால்தான் மற்றவர்களுக்கும் தோன்றும் என்பதால் சொல்லிவிட்டேன். அந்தக் கருவி வருகிற அன்று திறந்து வைக்க மந்திரி வேண்டாம். பூ வாரும் ஒரு அம்மாவைக் கூப்பிடுவோம். மெஷின் சொல்வது சரியா என்று அவர்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

மெஸ் பக்கமிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது. அதில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல் என்று என் மூக்கு சொல்கிறது. இதற்கு மேல் பேசினால் யார் காதிலும் ஏறாது.